நுண்ணோக்கியில் ஒரு நொதி

"டாக்டரம்மா, நல்ல கட்டியா, கெட்ட கட்டியா?"

மூளையில் ஆபரேஷன் முடிந்த நோயாளிகளின் வீட்டார் எங்கள் லேப் ஜன்னலில் வந்து நின்று கேட்பது இதைத்தான். எடுத்த சதையை ஃபார்மலின் டப்பாவில் போட்டு உறவினர் கையிலேயே கொடுத்தனுப்பும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அண்ணனோ மைத்துனரோ அந்த டப்பாவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். கொடுத்த கையோடு இந்தக் கேள்வி.

நான் பேத்தாலஜிஸ்ட். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற மருத்துவர் இல்லை. அவர் உடம்பிலிருந்து வந்த துண்டைப் பார்த்து நோய்க்குப் பெயர் சொல்கிறவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் மேஜைக்கு வருவதில் பெரும்பகுதி மூளைக் கட்டிகள். அவற்றில் கிளையோமா என்ற வகைக்கு மேலே சொன்ன கேள்விக்கு நேரான பதில் கிடையாது. மெதுவாக வளரும், ஆனால் நிற்காது. ஒரு நாள் வேகம் பிடிக்கும். யாருக்கு எப்போது வேகம் பிடிக்கும் என்று சொல்ல உருப்படியான வழி இல்லாத காலத்தில் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். வழியைத் திறந்துவிட்டது ஒரு நொதி. பள்ளி உயிரியலில் எல்லாரும் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிற நொதிகளில் ஒன்று.

முன்பு எப்படி இருந்தது என்று சொன்னால்தான் அந்த மாற்றத்தின் அளவு புரியும். 1926-ல் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் கிளையோமாக்களை வகை பிரித்துப் புத்தகம் எழுதினார்கள். நுண்ணோக்கியில் செல் என்ன உருவத்தில் தெரிகிறதோ அதுவே பெயருக்கு ஆதாரம். நட்சத்திரம் போல் கிளை விரித்த செல்லை ஒத்திருந்தால் ஆஸ்ட்ரோசைட்டோமா. உருண்டையாக, சீராக, ஒன்றை ஒன்று ஒட்டி நின்றால் ஆலிகோடெண்ட்ரோகிளையோமா. அடுத்த 90 ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் இதே அடிப்படையில்தான் ரிப்போர்ட் எழுதினார்கள். நானும் எழுதினேன்.

ஆலிகோ செல்லுக்கு அடையாளமாகப் பாடப்புத்தகம் சொல்வது 'பொரித்த முட்டை' தோற்றம். நடுவில் உருண்டையாக உட்கரு, சுற்றி வெள்ளை வளையம். அந்த வளையம் உயிரோடிருக்கும் செல்லில் கிடையாது. சதைக்குள் ஃபார்மலின் ஊறி இறங்குவதற்குள் செல் நீர் கோத்து உப்புவதால் உண்டாவது அது. ஆபரேஷன் நடக்கும்போதே உறையவைத்து வெட்டிப் பார்க்கிற ஃப்ரோசன் துண்டில் அதைக் காண முடியாது. சதை பதமாவதற்கு ஆன நேரம் விட்டுச்சென்ற தடயத்தை நோயின் அடையாளமாக எண்ணித்தான் பல தலைமுறை மருத்துவர்கள் தீர்ப்பு எழுதியிருக்கிறோம். வேறு கருவி இல்லை என்பதால் அதையே நம்பினோம்.

இரண்டு வகைச் செல்லும் கலந்தாற்போலத் தெரிந்தால் ஆலிகோஆஸ்ட்ரோசைட்டோமா என்று ஒரு பெயர் இருந்தது. ஒரே ஸ்லைடை மூன்று அனுபவசாலிகளிடம் காட்டினால் மூன்று பெயர் வரக்கூடிய இடம் அதுதான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அப்படிப்பட்ட ஸ்லைடில் அன்றைக்கே கையெழுத்துப் போடமாட்டார். ராத்திரி தட்டில் வைத்துவிட்டுப் போவார். காலையில் வந்து, நேற்று எழுதியதைப் பார்க்காமல், புதிதாக ஒருமுறை பார்ப்பார். இரண்டு நாளும் ஒரே பெயர் மனதில் வந்தால்தான் ரிப்போர்ட் வெளியே போகும். அவருடைய கண்ணுக்கு ஈடான கண்ணை நான் இதுவரை பார்க்கவில்லை. அவருக்கே அந்தத் தயக்கம் தேவைப்பட்டது என்பதை வைத்து அந்த வகைப்பாட்டின் பலவீனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

2008 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கட்டுரை வந்தது. கிளையோமாக்களிலேயே மிகக் கொடியதான கிளையோபிளாஸ்டோமாவில் 22 கட்டிகளை எடுத்து, 20,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களை எழுத்தெழுத்தாக வாசித்திருந்தார்கள். எதிர்பார்த்த பெயர்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன. அவற்றின் நடுவே ஐடிஎச்1 என்ற பெயர். விரித்துச் சொன்னால் ஐசோசிட்ரேட் டிஹைட்ரோஜினேஸ். அவர்கள் சோதித்த கிளையோபிளாஸ்டோமாக்களில் 12 சதவீதத்தில் இந்த மரபணு பிறழ்ந்திருந்தது. அந்த நோயாளிகள் மற்றவர்களைவிட வயதில் இளையவர்கள். வீரியம் குறைந்த கட்டியாகத் தொடங்கிப் பின்னர் கொடியதாக மாறியவர்களில்தான் அது மிகுதி.

அதைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்றும் நினைவிருக்கிறது. புற்றுநோய் மரபணு என்றால் செல்லைப் 'பிரி, பிரி' என்று விரட்டுகிற மரபணு, அல்லது பிரிவதைத் தடுத்து நிறுத்தும் காவல் மரபணு என்றே எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஐடிஎச் இரண்டிலும் சேராது. அதன் குடும்பம் சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கும் வேலையில் இருப்பது. 1937-ல் ஹான்ஸ் கிரப்ஸ் வகுத்துக்காட்டிய சிட்ரிக் அமிலச் சுழற்சியில் வருவது. புற்றுச்செல் சர்க்கரையை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது என்று 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் சொன்னார்தான். மரபணு ஆராய்ச்சி பெரிதாக எழுந்த பிறகு அந்தப் பேச்சு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. செல்லின் அடுப்படியில் நடக்கும் ஒரு கோளாறே புற்றுநோயைத் தொடங்கிவைக்கும் என்று அதுவரை யாரும் எனக்குப் பாடம் எடுத்ததில்லை.

அடுத்த ஆண்டே இன்னும் தெளிவாயிற்று. 2009-ல் டியூக் பல்கலைக்கழகத்தினரும் ஹாப்கின்ஸ் குழுவினரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இரண்டாம், மூன்றாம் நிலை ஆஸ்ட்ரோசைட்டோமா, ஆலிகோடெண்ட்ரோகிளையோமா கட்டிகளில் 70 சதவீதத்துக்கும் மேல் இந்தப் பிறழ்வு இருந்தது. அதிலும் ஒரு விசேஷம். புரதச் சங்கிலியில் 132-ஆம் இடம். அங்கே இருக்கவேண்டிய ஆர்ஜினின் போய், பெரும்பாலும் ஹிஸ்டிடின் வந்து உட்கார்ந்திருக்கும். மூளைக் கட்டிகளில் காணும் ஐடிஎச் பிறழ்வுகளில் ஏறத்தாழ 90 சதவீதம் இந்த ஒரே மாற்றம். எழுத்தில் ஆர்132எச்.

ஒரே மாற்றம் என்பது என் போன்றவர்களுக்குப் பெரிய வரம். மரபணுவை வாசிக்கும் கருவி இல்லாத லேபுக்கும் அதனால் கதவு திறந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஆண்ட்ரியாஸ் ஃபான் டைம்லிங்கின் குழு, பிறழ்ந்த புரதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சரியான புரதத்தை விட்டுவிடுகிற ஆன்டிபாடியை 2009-லேயே உருவாக்கிவிட்டது. எச்09 என்று பெயர். அது எங்கள் ஊருக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின.

அந்த ஆன்டிபாடியைக் கொண்டு ஸ்டெயின், அதாவது சாயம், போடும் முறையைச் சொல்ல ஆசைப்படுகிறேன். நோயாளியின் விதி ஓர் அளவுக்கு இங்கேதான் தீர்மானமாகிறது. வெளியில் யாருக்கும் இது தெரிவதில்லை. மெழுகில் பொதிந்த சதைக் கட்டையை நாங்கள் பிளாக் என்போம். அதை மைக்ரோடோமில் மாட்டி மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவவேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீவிய இழையை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, பூச்சுப் போட்ட ஸ்லைடில் ஏந்தி எடுக்கவேண்டும். எங்கள் சீனியர் டெக்னீஷியன் அக்கா இழையை ஏந்தும்போது பக்கத்தில் யாரையும் பேச விடமாட்டார், ஃபேனையும் அணைத்துவிடுவார். ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து மூடிவைத்திருக்கும். அந்தப் பிணைப்பை அவிழ்த்தால்தான் ஆன்டிபாடி உள்ளே போகும். அதற்கு ஸ்லைடுகளைத் தாங்கு கரைசலில் மூழ்கவைத்துப் பிரஷர் குக்கரில் வேகவைப்போம். கடையில் விற்கிற சாதாரண வீட்டு குக்கர்தான். விசில் கணக்கு லேபுக்கு லேப் மாறும். ஒருமுறை வைத்த கணக்கை மாற்றக்கூடாது. மூடியை அவசரப்பட்டுத் திறந்தால் சதை ஸ்லைடிலிருந்து கழன்றுவிடும்.

பிறகு ஆன்டிபாடி, அதன்மேல் இரண்டாவது ஆன்டிபாடி, கடைசியில் டிஏபி என்கிற நிறமி. டிஏபி ஊற்றிய சில நிமிடங்களில் பழுப்பு நிறம் ஏறத் தொடங்கும். அக்கா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்து, சரியான கணத்தில் தண்ணீரில் முக்கி நிறுத்துவார். ஒரு நிமிடம் முந்தினால் நிறம் போதாது, பிந்தினால் எல்லாமே பழுப்பாகிவிடும். பிறழ்வு இருப்பது ஏற்கெனவே தெரிந்த ஒரு கட்டியின் துணுக்கையும் அதே ஸ்லைடில் ஒட்டிவைப்போம். அது பழுப்பாகாவிட்டால் அன்றைய ஸ்டெயின் செல்லாது. முழு வேலையையும் திரும்பச் செய்யவேண்டும். நோயாளியின் துணுக்கில் உள்ள ரத்தக்குழாய்ச் செல்கள் நீலமாகவே நிற்கவேண்டும், அவை பழுப்பானாலும் செல்லாது. இந்த இரண்டு பரிசோதனையையும் தாண்டாத ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அவசரம் என்று போனில் எத்தனை பேர் கேட்டாலும் இதில் இறங்கி வருவதில்லை.

இந்த ஸ்டெயின் என்னவெல்லாம் காட்டும் என்பதை ஒரு பஸ் டிரைவரின் ஸ்லைடில் முழுமையாகப் பார்த்தேன். முப்பதுகளில் இருந்தவர். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலிப்பு வந்திருக்கிறது. ஸ்கேனில் நெற்றிப் பக்க மூளையில் வெள்ளையாக ஒரு படலம். சர்ஜன் எடுக்க முடிந்தவரை எடுத்துவிட்டு, ஓரங்களிலிருந்து நான்கைந்து துணுக்குகளைத் தனித்தனி டப்பாவில் அனுப்பியிருந்தார். கட்டியின் நடுப்பகுதியைப் பற்றிச் சந்தேகமில்லை. ஓரத் துணுக்குகள்தான் பிரச்சினை. வழக்கமான ஊதா-இளஞ்சிவப்பு ஸ்டெயினில் செல்கள் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தன, அவ்வளவுதான். கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல மூளையும் எரிச்சலில் அப்படித்தான் செல்களைப் பெருக்கும். பழைய காலமாக இருந்தால் 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று எழுதியிருப்போம்.

ஐடிஎச் ஸ்டெயின் போட்ட ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தேன். நீலப் பின்னணியில் தனித்தனியாகப் பழுப்புச் செல்கள். நரம்பிழைகளின் தடத்தோடு வரிசையாக ஊர்ந்து போனவை சில. நல்ல நரம்புச் செல்லைச் சுற்றி இரண்டும் மூன்றுமாகக் குழுமியவை சில. மூளையின் மேலுறைக்கு அடியில் தேங்கி நின்றவை சில. ஸ்கேனில் ஒன்றுமே தெரியாத இடம் அது. வெட்டி எடுத்துவிட்டதாக நாம் நினைக்கிற கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை, ஒவ்வொரு செல்லாகச் சுட்டிக் காட்டியது அந்தப் பழுப்பு. கிளையோமாவை ஆபரேஷனால் மட்டும் ஏன் குணப்படுத்த முடிவதில்லை என்பதை நான் புத்தகத்தில் பலமுறை படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.

ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் இந்த நொதி என்னதான் செய்கிறது? நல்ல ஐடிஎச்1 செல்லின் சாற்றுப் பகுதியில் இருந்துகொண்டு ஐசோசிட்ரேட்டை ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றுகிறது. அதன் உடன்பிறப்பு ஐடிஎச்2 அதே வேலையை மைட்டோகாண்ட்ரியாவில் செய்கிறது. பிறழ்ந்த நொதி பழுதாகி வேலையை நிறுத்திவிட்டது என்றே முதலில் எண்ணினார்கள். 2009 கடைசியில் 'நேச்சர்' இதழில் அஜியோஸ் நிறுவன விஞ்ஞானிகள் வெளியிட்ட கட்டுரை அதைத் திருத்தியது. பிறழ்ந்த நொதி சும்மா இருக்கவில்லை, புது வேலை பழகிக்கொண்டிருக்கிறது. ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டை எடுத்து 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற இன்னொரு பொருளாக்குகிறது. நல்ல செல்லில் இம்மியளவே இருக்கும் இந்தப் பொருள், பிறழ்வு உள்ள கட்டியில் நூறு மடங்கு அளவுக்குச் சேர்ந்துகிடக்கிறது.

நமக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி. இந்தக் கட்டிகளில் ஒரு பிரதிதான் பிறழ்ந்திருக்கும், மற்றது நன்றாகவே இருக்கும். நல்ல பிரதியிலிருந்து வந்த நொதி உழைத்துத் தயாரிக்கிற ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டையே பிறழ்ந்த நொதி மூலப்பொருளாக எடுத்துக்கொள்கிறது. நல்ல பிரதியையும் இழந்துவிட்ட செல்லில் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டின் அளவு குறைந்துவிடுகிறது. புற்றுநோயியலில் நான் படித்தவற்றுள் இதைப்போல் என்னை உலுக்கியது வேறில்லை.

சேர்ந்துகிடக்கும் அந்தப் பொருள் செய்யும் கேடு டிஎன்ஏவின் நிர்வாகத்தில் நடக்கிறது. எந்த மரபணு திறந்திருக்கவேண்டும், எது மூடியிருக்கவேண்டும் என்பதற்கு டிஎன்ஏ மீதும், அது சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்கள் மீதும் மெத்தில் குறிகள் உண்டு. தேவையில்லாதபோது அவற்றை அழிக்கும் நொதிகளும் உண்டு. அந்த நொதிகளுக்கு ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் வேண்டும். 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் உருவத்தில் ஏறக்குறைய அதேபோல் இருப்பதால் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வேலையை முடக்குகிறது. குறிகள் அழியாமல் குவிகின்றன. முதிர்ந்து ஒழுங்கான மூளைச் செல்லாக ஆகவேண்டிய செல், முதிரவிடும் மரபணுக்கள் மூடிக்கிடப்பதால், பாதியிலேயே நின்றுவிடுகிறது. பிரியும் திறனை மட்டும் விடுவதில்லை. கட்டி அங்கே தொடங்குகிறது.

இப்போது அந்த டிரைவரின் அண்ணனிடம் வருகிறேன். ரிப்போர்ட் வாங்க வந்தவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "உட்காருங்க தம்பி" என்றேன். எங்கள் லேபில் ரிப்போர்ட்டை ஜன்னலில் நீட்டிவிட்டு அனுப்புவதுதான் நடைமுறை. விளக்கம் சொல்வது சிகிச்சை அளிக்கும் டாக்டரின் பொறுப்பு. ஆனாலும் சிலரை அப்படி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

"ஐடிஎச் பாசிட்டிவ்னு போட்டிருக்கே, பாசிட்டிவ்னா கெட்டதுதானே மேடம்?" என்றார்.

இல்லை என்று சொன்னேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கட்டிகளில் ஐடிஎச் பிறழ்வு உள்ளது மெதுவாகப் போகும், சிகிச்சைக்கும் கூடுதலாகக் கட்டுப்படும். 2009 ஆய்வில் கிளையோபிளாஸ்டோமா என்று பெயரிடப்பட்டவர்களில் பிறழ்வு இருந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31 மாதம், இல்லாதவர்களுக்கு 15 மாதம். மூன்றாம் நிலை ஆஸ்ட்ரோசைட்டோமாவில் 65 மாதமும் 20 மாதமும். அண்ணனிடம் இந்த எண்களை அடுக்கவில்லை. "இது சீக்கிரம் தீர்ந்துபோற நோயில்ல, வருஷக்கணக்கா கூடவே வச்சுப் பாத்துக்கவேண்டிய நோய். அதுக்குத் தகுந்த மாதிரி வீட்டைத் தயார் பண்ணிக்கங்க" என்றேன். அவர் தலையாட்டினார். "பஸ் ஓட்ட முடியுமா மேடம்?" என்று கேட்டார். வலிப்பு வந்தவருக்குப் பயணிகளை ஏற்றிய வண்டியை மறுபடி கொடுக்கமாட்டார்கள். நரம்பியல் மருத்துவரிடம் பேசி, டிப்போவிலேயே வேறு வேலை கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பெயர் சரியாகத் தெரிந்தால் ஒரு குடும்பம் அடுத்த பத்தாண்டுக்குத் திட்டம் போடலாம். பேத்தாலஜிஸ்ட் வேலையின் பயன் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

நோய்க்குறியாக மட்டும் இருந்த ஐடிஎச், 2016-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் கட்டியின் பெயருக்குள்ளேயே நுழைந்தது. 2021 பதிப்பில் இன்னும் இறுக்கம். ஐடிஎச் பிறழ்வு இருந்து, குரோமோசோம் 1-ன் குட்டைக் கையும் 19-ன் நெட்டைக் கையும் சேர்ந்து காணாமற்போயிருந்தால்தான் ஆலிகோடெண்ட்ரோகிளையோமா. பிறழ்வு இருந்து அந்த இழப்பு இல்லையென்றால் ஆஸ்ட்ரோசைட்டோமா. கிளையோபிளாஸ்டோமா என்ற பெயர் பிறழ்வு இல்லாதவற்றுக்கு மட்டும். கலப்புக் கட்டி என்ற பெயர் கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. என் ஆசிரியர் இரண்டு நாள் பார்த்துத் தயங்கிய ஸ்லைடுகளுக்கு இன்று ஒரே பதில் கிடைக்கிறது. பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும். அந்த இரட்டை இழப்பு உள்ள மூன்றாம் நிலைக் கட்டிகளில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.3 ஆண்டு, கூடவே பிசிவி என்ற மூன்று மருந்துக் கூட்டும் பெற்றவர்களுக்கு 14.7 ஆண்டு என்று ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இரட்டிப்பு. பெயரைத் தப்பாக எழுதினால் ஒருவர் இழப்பது ஏழு ஆண்டு.

நோய்க்குறியாக வந்த நொதி பின்னர் மருந்துக்கு இலக்காகவும் ஆனது. முதல் வெற்றி ரத்தப் புற்றில். கடுமையான மைலாய்டு லுக்கீமியாவில் ஒரு பகுதியினருக்கும் இதே பிறழ்வுகள் உண்டு. ஐடிஎச்2-க்கு எனாசிடெனிப் 2017-லும், ஐடிஎச்1-க்கு ஐவோசிடெனிப் 2018-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை வழக்கமான கீமோ மருந்துபோல் செல்லைக் கொல்வதில்லை. பிறழ்ந்த நொதியை அடைத்து 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டைக் குறைக்கின்றன. பாதியில் நின்ற செல் மறுபடி முதிரத் தொடங்குகிறது. அதிலும் ஆபத்து உண்டு. ஒரே சமயத்தில் ஏராளமான செல்கள் முதிரும்போது காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக நோயாளி தடுமாறக்கூடும். உடனே கவனித்தால் சரிசெய்துவிடலாம்.

மூளைக்குள் போகிற மருந்துக்கு இன்னும் காத்திருக்கவேண்டியிருந்தது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் பெரும்பாலான மருந்துகள் நுழைவதில்லை. அந்தத் தடையைக் கடக்கவென்றே வடிவமைத்த வோராசிடெனிப் மாத்திரையின் ஆய்வு முடிவு 2023-ல் வெளிவந்தது. ஆபரேஷன் தவிர வேறு சிகிச்சை பெறாத, இரண்டாம் நிலைக் கட்டியுள்ள 331 பேர். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கட்டி மறுபடி வளர இடைநிலையாக 11.1 மாதம், மருந்து சாப்பிட்டவர்களுக்கு 27.7 மாதம். 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. கதிர்வீச்சையும் கீமோவையும் தள்ளிப்போட முடிவது சின்ன விஷயமில்லை. முப்பது வயதுக்காரரின் மூளையில் கதிர்வீச்சு பட்டால் ஞாபகசக்தியும் வேலைத்திறனும் பிற்காலத்தில் குறையக்கூடும். அதைச் சில ஆண்டுகள் தள்ளிவைத்தால், பிள்ளைகள் வளரும் காலத்தில் அப்பா முழுசாகக் கூட இருப்பார்.

மருந்தைப் பற்றி அளந்துதான் பேசவேண்டும். இது கட்டியைத் துடைத்தெடுப்பதில்லை, தடுத்து நிறுத்துகிறது. கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவை. மேல் நிலைக்குப் போய்விட்ட கட்டிகளில் இந்த வகை மருந்துகளின் பலன் குறைவு. அதற்குள் செல் வேறு பல பிறழ்வுகளைச் சேர்த்துக்கொண்டு, ஆரம்பித்துவைத்த நொதியை நம்பியிருக்காமல் தானே ஓடத் தொடங்கிவிடுகிறது. விலையோ அமெரிக்காவில் மாதத்துக்குப் பல லட்சம் ரூபாய். நம் ஊர்ச் சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. விலை இறங்கவேண்டும், அரசுக் காப்பீட்டுக்குள் வரவேண்டும். மருத்துவர்கள் இதைச் சத்தமாகக் கேட்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் விலை இறங்குகிற நாளில் மருந்துக்குத் தகுதியானவர் யார் என்று காட்ட ஒரு ரிப்போர்ட் வேண்டும். அந்த ரிப்போர்ட்டுக்குச் சதை வேண்டும். இங்கேதான் நான் மிகவும் கவலைப்படுகிறேன்.

ஆபரேஷனில் எடுத்த சதையை ஃபார்மலின் இல்லாமல் வெறும் சலைனில் போட்டு, பாலிதீன் கவரில் கட்டி, பக்கத்து மாவட்டத்திலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். டப்பாவைத் திறக்கும்போதே நாற்றம் சொல்லிவிடும். அழுகிய சதையில் எந்த ஆன்டிபாடியும் ஒழுங்காக ஒட்டாது. இன்னொரு முறை ஓர் அம்மா மகளின் பழைய ரிப்போர்ட்டோடு வந்தார். ஆபரேஷன் ஆகிச் சில ஆண்டுகள் ஓடிவிட்டன, கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. ரிப்போர்ட்டில் ஐடிஎச் என்ற வரியே இல்லை. பழைய பிளாக்கைக் கேட்டு வாங்கிவர, ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பினேன். இடம் இல்லாததால் கழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. அந்தப் பெண்ணின் தலையை மறுபடி திறக்காமல் அறிந்திருக்கக்கூடிய விஷயம் அந்த மெழுகுக் கட்டையோடு போய்விட்டது.

இதற்கு நேர்மாறாகவும் கண்டிருக்கிறேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மனைவி, கணவரின் பிளாக்கைக் கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள் வைத்து, பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தியிருந்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. "ஆஸ்பத்திரில கொடுத்தது, தூக்கிப்போட மனசு வரல" என்றார். பழைய ரிப்போர்ட்டில் கலப்புக் கட்டி என்று இருந்தது. அந்த பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி ஸ்டெயின் போட்டோம். ஐடிஎச் பாசிட்டிவ். குரோமோசோம் பரிசோதனைக்கு வெளியூர் லேபுக்கு அனுப்பினோம், இரட்டை இழப்பு உறுதியானது. ஆலிகோடெண்ட்ரோகிளையோமா. சிகிச்சைத் திட்டமே மாறியது.

ஸ்டெயினுக்கும் எல்லை உண்டு. அது ஆர்132எச் என்ற ஒன்றைத்தான் பிடிக்கும். மீதி 10 சதவீதப் பிறழ்வுகள் அதன் கண்ணில் படா. நோயாளிக்கு 55 வயதுக்குக் கீழ் என்றால், ஸ்டெயின் நெகட்டிவ் என்பதோடு நிறுத்தாமல் மரபணுவை வாசிக்கும் பரிசோதனைக்கும் அனுப்பவேண்டும். ஐடிஎச் பிறழ்வு வரக்கூடிய பித்தநாளப் புற்றிலும் லுக்கீமியாவிலும் ஆர்132எச் அல்லாத வேறு பிறழ்வுகள்தான் மிகுதி என்பதால் அங்கே இந்த ஸ்டெயினை நம்பவே கூடாது, மரபணுப் பரிசோதனைதான் வழி.

உங்கள் வீட்டில் யாருக்காவது மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் நடந்திருந்தால் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். கிளையோமா வகை என்று இருந்து, ஐடிஎச் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், சிகிச்சை தரும் டாக்டரிடம் அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, எந்த டாக்டரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். ஸ்லைடோடு நின்றுவிடாமல் பிளாக்கையும் விண்ணப்பம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். சீவிய ஸ்லைடில் புரதம் மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே போகும், பிளாக்குக்குள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். மெழுகு 60 டிகிரிக்குக் கிட்டே உருகும் என்பதால் சித்திரை வெயிலில் காருக்குள்ளோ ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளோ வைத்துவிடாதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு, பிளாக்கின் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பேப்பரில் குறித்து உள்ளே வைத்து, ரிப்போர்ட் ஃபைலோடு வீட்டில் நிழலான இடத்தில் வையுங்கள்.